கோயில் நிலத்தில் டன்னல் போடுவதற்கு முன்னால்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு பூஜை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது ஆளுக்கொரு தாள் கொடுத்தீர்கள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறு பக்கம் தமிழ். கோயிலுக்குப் பின்னால் ஓடைப் பக்கம் சும்மா கிடக்கும் அரை ஏக்கரில் ஆறு பிளாஸ்டிக் டன்னல் (வளைந்த கம்பிமேல் பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்குடில்) போட்டு, மண்ணே இல்லாமல் வெள்ளரியும் தக்காளியும் லெட்யூஸும் வளர்க்கலாம், வேலையில்லாத நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், கோயிலுக்கும் வருமானம் வரும், அதனால் குடும்பத்துக்கு 5,000 ராண்ட் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் கேட்டதால் தமிழிலேயே பதில் எழுதுகிறேன். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் குழுவில் இருக்கிறார், பிழை இருந்தால் அவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

யோசனை கெட்ட யோசனை என்று சொல்ல வரவில்லை. நானே இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் 2014-லிருந்து டன்னல் வைத்திருப்பவன். மூன்று இருக்கிறது, ஒவ்வொன்றும் 8 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 240 சதுர மீட்டர். அதற்கு முன்னால் அப்பா காலத்து மண்ணில்தான் தக்காளியும் மிளகாயும் போட்டோம், வாடல் நோயும் வேர்ப்புழுவும் வந்து மண் கெட்டுப்போனதால்தான் மரத்தூள் நிரப்பிய பைக்கு மாறினேன். ஆகவே இது டன்னலை வெறுப்பவன் எழுதுவது இல்லை. அந்தத் தாளில் இருக்கும் கணக்கைப் பார்த்து இரண்டு ராத்திரி தூக்கம் வராதவன் எழுதுவது.

தாள் என்ன சொல்கிறது? ஒரு டன்னலில் 600 வெள்ளரிச் செடி. ஒரு செடிக்கு 25 காய். ஒரு காய் 20 ராண்ட். ஆக ஒரு போகத்துக்கு 300,000 ராண்ட், ஆண்டுக்கு மூன்று போகம், ஆறு டன்னல், மொத்தம் 54 லட்சம் ராண்ட். இந்தக் கணக்கு நிஜமாக இருந்தால் நான் இப்போது உம்ஷ்லாங்காவில் கடலைப் பார்த்த வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பேன். எழுதுவதோ பக்கி என்கிற சின்னச் சுமைவண்டியின் பின்பலகையில், மரத்தூள் ஒட்டிய கையோடு.

அந்த 20 ராண்ட் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சூப்பர்மார்க்கெட் அலமாரியில் பிளாஸ்டிக் சுற்றிய காயின்மேல் ஒட்டியிருக்கும் விலை அது. நமக்கு வரும் விலை வேறு. கிளேர்வுட்டில் இருக்கும் டர்பன் சந்தைக்குக் காயைக் கொண்டுபோனால் ஏஜென்ட் அதை விற்பார், அன்றைக்கு எவ்வளவு சரக்கு வந்திருக்கிறதோ அதற்கேற்ப விலை, அதில் சந்தைக்கு 5 சதவீதம், ஏஜென்டுக்கு 7.5 சதவீதம் போக மீதிதான் வங்கிக்கு வரும். சூப்பர்மார்க்கெட்டுக்கு நேரே கொடுக்கலாமே என்று செயலாளர் தம்பி கேட்டதாகச் சொன்னார்கள். கொடுக்கலாம் தம்பி. பண்ணை ஆடிட், தண்ணீர்ப் பரிசோதனை, குளிர்வண்டி, வாரா வாரம் ஒரே அளவில் ஒரே எண்ணிக்கை, அதெல்லாம் செய்தபின் பணம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து. ஆறு டன்னல்காரனால் அந்த இரண்டு மாதத்தைத் தாங்க முடியாது. உரக்கடைக்காரர் ரொக்கம்தான் கேட்பார்.

என் நோட்டிலிருந்து ஒரு போகத்தை அப்படியே எழுதுகிறேன், 2025-இல் எடுத்தது, நல்ல போகமும் இல்லை, மோசமான போகமும் இல்லை. 600 நட்டேன், 40 செத்தது. மீதி 560 செடியில் செடிக்குச் சராசரி 14 காய், ஆக 7,840. அதில் 6,200 முதல் ரகம், சராசரி 6 ராண்டுக்குப் போனது. மிச்சம் 1,640 வளைந்தது, வால் சிறுத்தது, இரண்டரை ராண்ட். (வளைந்த காயும் ருசியில் ஒன்றுதான், ஆனால் வாங்குபவருக்கு நேராக வேண்டும், என்ன செய்ய.) மொத்தம் 41,300. கமிஷன் போக 36,100 சொச்சம். செலவுக்கு வாருங்கள்: நாற்று 4,200, உரம் 5,000, மரத்தூளும் பையும் 1,800, மருந்து 1,500, கரண்ட் 1,200, அட்டைப்பெட்டி 3,900, பக்கிக்குப் பெட்ரோல் 3,000. ஆள் கூலி: 2025 மார்ச் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட், வாரம் 45 மணி, நட்டதிலிருந்து பிடுங்கிக் கழுவி அடுத்த நடவுக்குத் தயாராக 14 வாரம், ஒருவர் மூன்று டன்னலைப் பார்த்துக்கொள்கிறார், அதனால் ஒரு டன்னலின் பங்கு 6,050. எல்லாம் கூட்டினால் 26,650. கையில் நின்றது ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு.

தாளில் மூன்று லட்சம், நோட்டில் ஒன்பதரை ஆயிரம். அதுவும் எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொள்ளாமல். மூன்று டன்னலையும் சேர்த்துப் பார்த்தால் மாதத்துக்கு ஒன்பதாயிரத்தைத் தொடவில்லை.

நீங்கள் ஒரு டன்னலுக்கு 180,000 ராண்ட் என்று மதிப்புப் போட்டிருக்கிறீர்கள், அது நியாயமான தொகைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுக்கு மூன்று போகம் என் நோட்டின்படி எடுத்தால் 28,500 வரும், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பிளாஸ்டிக்குக்காக அதில் ஆண்டுக்கு 4,000 எடுத்து வைத்தால் 24,500 மிஞ்சும், போட்ட முதல் திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். வட்டி இல்லாத காணிக்கைப் பணம் என்பதால் ஏழு. வங்கிக் கடன் என்றால் இந்தக் கணக்கை நான் எழுதவே மாட்டேன், நேரே வந்து கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன்.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாளில் அதுதான் இரண்டாவது. இந்த நாட்டுத் தக்காளியில் பெரும்பகுதி வடக்கே லிம்போபோ மாகாணத்திலிருந்து வருகிறது. பனி விழாத பள்ளத்தாக்குகளில், திறந்த வெளியில், நூற்றுக்கணக்கான ஹெக்டேரில், குளிர்காலத்திலும் விளைகிறது. டர்பன் சந்தையில் தக்காளி விலையை வைப்பது அந்த லாரிகள்தான். பிளாஸ்டிக்குக்கும் பம்புக்கும் உரக்கலவைக்கும் செலவழித்து நாம் வளர்க்கும் பழம் அதே மேஜையில் அதே விலைக்குப் பக்கத்தில்தான் நிற்கும், கொஞ்சம் பளபளப்புக்கு ஒரு ராண்ட் கூட்டிக் கிடைத்தால் பெரிசு. மூடிய டன்னலில் காற்று ஆட்டாது, அதனால் தினமும் வெயில் ஏறும் நேரத்தில் கொடி கட்டிய கம்பியைத் தட்டித் தட்டி ஆட்டினால்தான் பூ பிஞ்சாகும், வெள்ளரிக்கு அந்தத் தொல்லை கிடையாது. அப்புறம் 2016-இல் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த டூட்டா அப்சலூட்டா என்கிற இலைச்சுரங்கப் புழு. வலைக் கதவை ஒரு பையன் ஒரு மத்தியானம் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் போதும். தக்காளியை நான் 2018-இல் விட்டுவிட்டேன்.

இப்போது படம். தாளின் மேலே வெள்ளைக் குழாய் வரிசை வரிசையாக, அதில் பச்சை லெட்யூஸ், அழகாகத்தான் இருக்கிறது. அந்த முறையில் வேர் வெறும் குழாயில் மெல்லிய தண்ணீர்ப் படலத்தில் நிற்கும், பம்பு நின்றால் தண்ணீர் நின்றது. இங்கே கோடையான ஜனவரியில் ஒரு மத்தியானம், நம் கடற்கரை வெயிலில் டன்னலுக்குள் நாற்பது டிகிரி தாண்டும்போது இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் இலை தொங்கிவிடும், அதற்கு மேல் போனால் குப்பைக்குழிதான். 2023-இல் லோட் ஷெடிங், அந்த முறைவைத்த மின்வெட்டு, நமக்குக் காட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், கோயில் கல்யாண மண்டபத்தில் மெழுகுவத்தி வைத்துச் சாப்பாடு போட்டோமே. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரும்பாலும் நின்றுவிட்டது, 2025 முற்பாதியில் சில நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஆனால் கட்டணம் நிற்கவில்லை: கரண்ட் கம்பெனியான எஸ்காமுக்கு 2023-இல் அனுமதித்த உயர்வு 18.65 சதவீதம், அடுத்த வருஷம் 12.74. லோட் ஷெடிங் இல்லாவிட்டாலும் நம் தெருவில் கேபிள் திருட்டு இருக்கிறது, சப்ஸ்டேஷன் வெடிப்பு இருக்கிறது. மரத்தூள் பை என்றால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், அரை நாள் பம்பு இல்லாவிட்டாலும் செடி சாகாது. பார்க்க அழகில்லை, போட்டோவுக்கு ஆகாது, ஆனால் பிழைக்கும்.

தண்ணீர். இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு 2022 ஏப்ரல் ஞாபகம் வந்துவிடுகிறது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் டோங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே உடைந்துபோய், ஏழெட்டு மாதம் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை. 600 வெள்ளரிக்குக் கோடையில் செடிக்கு மூன்று லிட்டர் வைத்தாலும் நாளைக்கு 1,800 லிட்டர். என்னிடம் இருந்தது ஒரே ஒரு 5,000 லிட்டர் ஜோஜோ டேங்க், மூன்று டன்னலுக்கும் சேர்த்து. ஒரு நாள் ஓட்டினேன். தண்ணீர் லாரி தெருவுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு ஆயா இரண்டு ஐஸ்கிரீம் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவருக்குப் பின்னால் நான் செடிக்கு டிரம்மோடு போய் நிற்பதா? திரும்பி வந்து பம்பின் சுவிட்சை அணைத்தேன். நாலாம் நாள் டன்னலுக்குள் போனேன், காய்ந்த வெள்ளரி இலை காலில் பட்டு அப்பளம் மாதிரி நொறுங்கியது.

நீங்கள் டன்னல் போடப் போகும் இடம் ஓடைப் பக்கம், அதையும் யோசியுங்கள். நம் ஆட்களுக்கு எப்போதும் கிடைத்தது ஆற்றங்கரைப் பள்ளம்தான், மலிவாக இருந்தது, தண்ணீர் பக்கத்தில் இருந்தது. 1917 அக்டோபரில் டர்பனில் உம்கேனி ஆறு பெருகியபோது கரையில் காய்கறி போட்டிருந்த நம் குடும்பங்கள் எத்தனை போயின. மாரிமுத்து படவாட்டனும் அவரோடு ஐந்து மீனவர்களும் படகை எடுத்துக்கொண்டு போய் நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் பள்ளத்தில்தான் கம்பி நடுவோம் என்று 2022-ஐப் பார்த்த பிறகும் நாம் சொல்லக் கூடாது. அந்த அரை ஏக்கரில் மேல் மூலை, பழைய மாமரத்துக்கு இந்தப் பக்கம், அது மட்டும்தான் அந்த வாரம் முழுகாமல் இருந்தது. நான் பார்த்தேன். ஒரு டன்னலுக்கு இடம் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

அப்புறம் ஆள். "கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், பையன்கள் மேற்பார்வை மட்டும்" என்று தாளில் போட்டிருக்கிறது. என் அக்கா மகன் கெட்டிக்காரன், இன்ஜினியரிங் படிக்கிறான். ஒரு டிசம்பரில் நான் ஒரு சாவுக்குப் போக வேண்டியிருந்தது, உரம் கலக்கும் வேலையை அவனிடம் கொடுத்தேன். கால்சியம் நைட்ரேட் ஒரு தொட்டி, மற்ற கலவை இன்னொரு தொட்டி, இரண்டையும் கெட்டியாக இருக்கும்போது ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகப் படிந்துவிடும். அவன் ஒரே தொட்டியில் கொட்டிக் கலக்கிவிட்டான், வேலை மிச்சம் என்று. மறுநாள் தொட்டியின் அடியில் சுண்ணாம்புப் பால் மாதிரி வெள்ளை. பம்பு ஓடுகிறது, மீட்டர் எண் சரியாகக் காட்டுகிறது, ஆனால் நடு வரிசையில் செடி தலை தொங்குகிறது. 600 டிரிப்பரையும் (செடிக்குத் தண்ணீர் சொட்டும் முனை) ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஊதி, வாளியில் அலசி, அடைத்ததை மாற்றி, மூன்று பேருக்கு இரண்டு நாள். அவனைத் திட்டவில்லை. எனக்கும் முதல் வருஷம் அதேதான் நடந்தது, அவனிடம் அதை இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் காலையில் ஐந்தரைக்கு எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, ஒரு டிரிப்பரை எடுத்து பழைய கூல்டிரிங் பாட்டிலுக்குள் விடுவது. மணிக்கு இரண்டு லிட்டர் டிரிப்பர் ஆறு நிமிடத்தில் 200 மில்லி கொடுக்க வேண்டும், பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அப்புறம் பைக்கு அடியில் வழியும் தண்ணீரின் ஈசியும் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பிஎச்சும் (புளிப்பின் அளவு). ஈசி உள்ளே 2 போய் வெளியே 3.5 வந்தால் பையில் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். தீபாவளி அன்றைக்கும் பார்க்க வேண்டும், காவடி அன்றைக்கும் பார்க்க வேண்டும். தாளில் பெயர் போட்டிருக்கும் ஆறு இளைஞர்களில் காவடி அன்றைக்கு யார் வருவார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காவடி எடுக்காதவர் யாராவது இருக்கிறாரா முதலில்?

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு நீ ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்பீர்கள். கொத்தமல்லியால்தான். இங்கே வெள்ளைக்காரர் முதல் சூலு அக்கா வரை எல்லாரும் தனியா என்று கேட்கிற அதே கட்டு. குளிர்காலத்தில் கட்டு 4 ராண்ட், யாருக்கும் வேண்டாம், எல்லார் வீட்டுப் பின்கட்டிலும் முளைக்கிறது. ஜனவரி பிப்ரவரியில் வெயிலில் பூத்துத் தண்டு விட்டுவிடும், மிச்சத்தை மழை அடித்துச் சேறாக்கிவிடும், அப்போது கட்டு 15 ராண்டுக்கு என்னிடம் வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். மூன்றாவது டன்னலின் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டு 40 சதவீத நிழல் வலை போட்டு, வாரம் ஒரு பாத்தி வீதம் விதைத்து வருகிறேன். விதைத்து நாற்பது நாற்பத்தைந்து நாளில் அறுவடை. ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ கடைகள் நாலு, பிரியாணி சமைத்துக் கொடுக்கும் அக்காமார் ஏழு பேர், வியாழக்கிழமை வாட்ஸப்பில் எண்ணிக்கை வரும், வெள்ளி காலையில் கொண்டுபோய்க் கொடுத்து ரொக்கம் வாங்கி வருகிறேன். ஏஜென்ட் இல்லை, பெட்டி இல்லை. அப்புறம் புரட்டாசி. டோங்காட், வெருலம், பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் எல்லாம் ஒரு மாதம் மாமிசத்தை மறந்துவிடும், எங்களுக்கு அதுதான் கிறிஸ்துமஸ். புரட்டாசிக்கு விற்கும் வெள்ளரியை ஜூலை நடுவிலேயே நட வேண்டும், இங்கே அது குளிர்காலம், குளிரில் மெதுவாகத்தான் வரும் என்பதையும் கணக்கில் வைத்து.

வெட்டவெளிக்காரனிடம் காய் இல்லாத அந்த ஏழெட்டு வாரம், அதற்குத்தான் டன்னல் சம்பாதிக்கிறது. மற்ற வாரமெல்லாம் அது வெறும் செலவு பிடிக்கிற பந்தல். என் தாத்தா டர்பன் வார்விக் காலைச் சந்தையில் கூடை வைத்து விற்றவர், விடிவதற்குள் விற்றாக வேண்டும். அவர் நட்டது எல்லாம் யாருக்கு என்று கேட்டு நட்டது. இன்ன கடைக்கு மிளகாய், இன்ன வீட்டுக் கல்யாணத்துக்குக் கத்தரி. 2009-இல் அந்தச் சந்தையை இடித்து மால் கட்டப் பார்த்தபோது நாமெல்லாம் போய் நின்றோம், நினைவிருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆறு வேண்டாம், மாமர மூலையில் ஒன்று போடுங்கள், நிழல் வலை, மரத்தூள் பை, பக்கத்தில் இரண்டு பெரிய டேங்க், கோயில் கூரை மழைத்தண்ணீர் அதில் விழும்படி. குழாய் முறை வேண்டாம், விற்பவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும். ஆறு பேருக்குப் பதில் இரண்டு பேர், ஆனால் அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை முதல் நாளிலிருந்து கொடுங்கள், லாபத்தில் பங்கு என்று சொல்லி ஆறு மாதம் சும்மா வேலை வாங்காதீர்கள். குடும்பத்துக்கு 5,000 வேண்டாம், 1,000 போதும், அதில் பாதியைக் கட்டடத்துக்குத் தொடாமல் உரத்துக்கும் கூலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த டன்னல்கள் எல்லாம் கம்பி போட்டுத் திறப்பு விழா நடத்திய பிறகுதான் படுத்தன, இரண்டாவது போகத்துக்கு நாற்று வாங்கக் காசில்லாமல்.

முதல் வாடிக்கையாளரும் வேறு யாரும் இல்லை, நீங்கள்தான். நம் மடப்பள்ளியில் வெள்ளிக்கிழமை அன்னதானம், புரட்டாசிச் சனிக்கிழமை, காவடிக்குப் பத்து நாள், இதற்கெல்லாம் கொத்தமல்லியும் புதினாவும் வெள்ளரியும் யாரிடம் வாங்குகிறீர்கள், வருஷத்துக்கு எவ்வளவு, எந்த மாதம் எவ்வளவு? அந்த பில்களை எடுத்து ஒரு தாளில் எழுதினால் அதுதான் நடவு அட்டவணை. பொருளாளர் அக்கா கணக்கை ஒழுங்காக வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அறுத்துக்கொண்டிருப்பேன், குழுவில் யாருக்கு வசதியோ வாருங்கள், நனையக்கூடிய செருப்பு போட்டுக்கொண்டு. நோட்டையும் காட்டுகிறேன், பாட்டிலில் போட்ட கோட்டையும் காட்டுகிறேன். வரும்போது தைப்பூசத்துக்கு வாங்கிக்கொண்டு போன என் இருபது பச்சைக் கிரேட்டையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், வெள்ளிக்குள் கிடைத்தால் இன்னும் நல்லது.